ஃப்ரிட்ஜுக்குள் ஒரு சாவிக்கொத்து

இதனால் கலையன்பர்கள் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: நட்பு, மரணம், மௌனம் ஆகிய மூன்றையும் ஒரே படத்தில் முடித்துவைக்கும் மாபெரும் ஆவணப்படம் ஒன்று தயாராகிவிட்டது. கொலையுண்ட நண்பனைப் பற்றி அவனுடைய உயிர் நண்பர் எடுத்தது. நீளம் எழுபத்திரண்டு நிமிடம். அதில் உயிர் நண்பர் தோன்றுவது அறுபத்தோரு நிமிடம். கொலையுண்டவன் நான்கு நிமிடம். மிச்சமெல்லாம் மேகம்.

உயிர் நண்பரை எல்லோரும் ‘மேதை’ என்றே அழைத்தார்கள். அவரும் மறுத்ததில்லை. கொலையுண்டவன் ஒலிப்பதிவாளர். அவனை ‘காது’ என்றார்கள்.

வியாழன், காலை 8.40.

கீழ்வீட்டுக் கதவு ஒருக்களித்துக் கிடப்பதைப் பார்த்து மாடி வீட்டுக்காரர்தான் எட்டிப் பார்த்தார். காது நாற்காலி அருகே குப்புறக் கிடந்தான். தலையில் ஹெட்போன். பின்மண்டையில் அடி. பக்கத்தில் இரும்பு மைக் ஸ்டாண்ட். பதிவுக் கருவி மேசைமேல் இருந்தது. அதன் மெமரி கார்டு இல்லை. அலமாரி கலைந்திருந்தது. முதல் நாள், அதாவது புதன் மாலை, ஆறுக்கும் எட்டுக்கும் இடையில் உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர்.

ஆய்வாளர் ஃப்ரிட்ஜைத் திறந்தார். ஓடவில்லை, சுவிட்ச் அணைத்திருந்தது. உள்ளே, உருகிய வெண்ணெய்க்குப் பக்கத்தில் வீட்டுச் சாவிக்கொத்து.

“குடிச்சிருப்பானோ?”

“இல்லைங்கிறார் டாக்டர்,” என்றார் ஏட்டு.

“அப்ப கலைஞன்,” என்று ஆய்வாளர் குறித்துக்கொண்டார்.

மாடி வீட்டுக்காரரை விசாரித்தார்.

“நேத்து சாயங்காலம் எங்க இருந்தீங்க?”

“வீட்லதான் சார். நாலு மணிக்குத்தான் ஆஸ்பத்திரியில இருந்து குழந்தையையும் அம்மாவையும் கூட்டிட்டு வந்தேன். பொறந்து நாலு நாள்.”

“கீழ சத்தம் கேட்டுச்சா?”

“என் புள்ள கத்துன கத்துல இடி விழுந்தாக்கூடக் கேட்டிருக்காது. இந்தக் கட்டடத்துலயே வேற குழந்தை கிடையாது சார். எல்லாருக்கும் சேர்த்து இவன் ஒருத்தனே கத்துறான்.”

அடுத்து மேதை.

“கடைசியா எப்பப் பார்த்தீங்க?”

“திங்கட்கிழமை. இதே அறையில என்னைப் பேட்டி எடுத்தான். அவன் கண்களில் ஒரு...”

“புதன்கிழமை எங்க இருந்தீங்க?”

“எனக்குள்ளே.”

“விலாசம் சொல்லுங்க சார்.”

“வீட்ல. தனியா. எழுதிட்டிருந்தேன்.”

எட்டு மாதம் போயிற்று. ‘யாரோ ஒரு திருடன்’ என்ற முடிவோடு கோப்பு தூங்கியது. மேதை தூங்கவில்லை. படம் எடுத்தார்.

அதைத் தொகுக்க உட்கார்ந்தவள், பதினொரு வருடமாகக் காது பதிவு செய்ததையெல்லாம் வெட்டி ஒட்டியவள். அவனை நேரில் பார்த்தது மாதம் ஒருமுறை இருக்கும், ஹெட்போனில் தினமும். ஒவ்வொரு பேட்டியின் முடிவிலும் அவன் குரல் வரும்: “யாரும் அசையாதீங்க. அறையோட அமைதி, முப்பது வினாடி.” வெட்டிய இடங்களுக்கு அடியில் ஒட்டுப்போட அந்தந்த அறையின் அமைதிதான் வேண்டும். ஓர் அறையின் அமைதி இன்னோர் அறைக்குப் பொருந்தாது. அந்த முப்பது வினாடியில் அவன் மூச்சு மட்டும் லேசாக இருக்கும். முடிந்ததும் இவளுக்கென்று ஒரு வரி சொல்லி வைப்பான்: “அவ்வளவுதான் மேடம். சாப்பிட்டீங்களா?”

அவளை அப்படிக் கேட்க வேறு ஆள் இல்லை. பதிவு கைக்கு வரும்போது, இரண்டு மூன்று நாள் கழித்து, சன்னலில்லாத தொகுப்பறையில், “சாப்பிட்டேன்” என்று திரையைப் பார்த்துப் பதில் சொல்வாள். எட்டு மாதமாகப் பழைய பதிவுகளில் தேடித் தேடி அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். யார் கொன்றது என்று தெரியாமல் அந்தக் குரலைக் கேட்பது, பாதியில் வெட்டிய வாக்கியத்தைக் கேட்பது போலிருந்தது.

செவ்வாய், காலை 10.15. தொகுப்பறை.

“மாடி வீட்டுக்காரன் பேட்டியைத் தூக்கிடுங்க,” என்றார் மேதை. “கொலையைப் பத்திக் கேட்டா, குழந்தையை எத்தனை மணிக்குக் கூட்டிட்டு வந்தேன்னு புள்ளைப் புராணம் பாடறான்.”

தூக்கினாள்.

“அந்த ஃப்ரிட்ஜ் போட்டோ மட்டும் நீளமா நிக்கட்டும்.”

நின்றது. அதன்மேல் மேதையின் கனத்த குரல்: ‘என் நண்பன் தன் சாவியைக் குளிரிடம் ஒப்படைத்தான். எந்தக் கதவை அவன் திறக்க மறுத்தான்?’

அவள் கை மவுஸில் அப்படியே நின்றது. அந்தப் போட்டோவை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

“சார், சாவி ஏன் அங்க இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“குறியீடும்மா.”

“ஓ.”

அடுத்த வெட்டுக்கு வந்ததும் கேட்டாள்: “காதோட அறையோட அமைதி வேணும் சார். இல்லாட்டி ஒட்டு தெரியும்.”

மறுநாள் மேதை ஒரு பென்டிரைவோடு வந்தார். “திங்கட்கிழமை என் பேட்டி முடிஞ்சதும் பதிஞ்சது. எனக்குன்னு ஒரு பிரதி கொடுத்தான். வெறும் அமைதி. அவனோட கடைசிச் சொல்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேமரா இல்லாததால் சீக்கிரம் துடைத்து முடித்தார்.

புதன், பகல் 1.20.

ஹெட்போனை மாட்டி ஒலியை முழுக்க ஏற்றினாள். தொழிலுக்கு அவ்வளவு தேவையில்லை. அவன் மூச்சைக் கேட்க வேண்டியிருந்தது. மூச்சு இருந்தது. இருபத்திரண்டாவது வினாடியில் இன்னொன்றும் இருந்தது.

ஆறு தடவை கேட்டாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே காவல் நிலையத்துக்குப் போன் செய்தாள்.

வெள்ளி, காலை 11.00.

தொகுப்பறையில் மூன்று பேர். தன் அறுபத்தோரு நிமிட நடிப்பைப் பார்க்கத்தான் ஆய்வாளர் வந்திருக்கிறார் என்று மேதை நினைத்தார்.

“முதல்ல சாவி,” என்றாள் அவள். “ஃப்ரிட்ஜ் ஓடினா பதிவுல உறுமும் சார். அதனால பேட்டிக்கு முன்னாடி அணைச்சிடுவான். திரும்பப் போட மறந்தா உள்ள இருக்கிறதெல்லாம் கெட்டுப்போகும். அதுக்காக வீட்டுச் சாவியை அதுக்குள்ள வைப்பான். சாவி இல்லாம வெளிய போக முடியாதே? எடுக்க வரும்போது சுவிட்சைப் போட்டுடுவான். எங்க தொழில்ல நிறையப் பேர் செய்யறதுதான்.”

ஆய்வாளர் நிமிர்ந்தார். “அப்ப அவன் சாகும்போது...”

“யாரையோ பதிவு செஞ்சிட்டிருந்தான். திருடனை உட்காரவச்சு யாரும் பேட்டி எடுக்க மாட்டாங்க.”

“உங்களுக்கு இது தெரியாதா சார்?” என்று ஆய்வாளர் மேதையிடம் கேட்டார்.

தெரியாது. இருபது வருடமாகப் பேட்டிக்குத் தாமதமாக வந்து, தன் கடைசிச் சொல் முடிந்ததும் சிகரெட் பிடிக்க வெளியே போனவர். ஃப்ரிட்ஜை அணைத்ததையும் பார்த்ததில்லை, போட்டதையும் பார்த்ததில்லை.

அவள் ஒலிபெருக்கியில் அந்த அமைதியை ஓடவிட்டாள். மூச்சு. மூச்சு. இருபத்திரண்டாவது வினாடியில், கூரைக்கு மேலிருந்து மெல்லிசாக, ஒரு பச்சைக் குழந்தையின் அழுகை.

“திங்கட்கிழமை அந்தக் குழந்தை ஆஸ்பத்திரியில இருந்துச்சு,” என்றார் ஆய்வாளர் மெதுவாக.

“ஆமா சார். புதன் நாலு மணிக்குத்தான் வீட்டுக்கு வந்துச்சு. எட்டு மணிக்குள்ள காது செத்துட்டான். நடுவுல பதிஞ்சது இது. காணாமப்போன அந்த மெமரி கார்டை எடுத்துட்டுப் போனவன்கிட்டதான் இது இருக்க முடியும்.” அவள் மேதையைப் பார்க்கவில்லை. “நீங்க தூக்கச் சொன்ன பேட்டியிலயே நேரம் இருக்கு சார்.”

மேதை ஒலிபெருக்கியைப் பார்த்தார். “அது வெறும் அமைதிம்மா. அதுல ஒண்ணுமே இல்லையே...”

மீதியை அவரே சொன்னார். அவரை மேதையாக்கிய முதல் படம், எழுத்திலிருந்து கடைசி வெட்டு வரை, காது எடுத்தது. ‘ஒரு தடவை மைக் முன்னாடி உண்மையைச் சொல்லிடு, போதும்’ என்று புதன்கிழமை கூப்பிட்டிருந்தான். போனார். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவர். பேச்சுவாக்கில் உண்மையையும் சொல்லிவிட்டார். பிறகு காது வழக்கம்போல, “அசையாதே, முப்பது வினாடி” என்றான். வாழ்நாளில் முதன்முறையாக மேதை முப்பது வினாடி சும்மா உட்கார்ந்தார். கெட்ட யோசனை வர அது தாராளம். மைக் ஸ்டாண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அப்புறம் பேச்சை அழித்தார். அமைதியை வைத்துக்கொண்டார். அதில் தான் இல்லாததால், கவனித்துக் கேட்கவில்லை.

ஏட்டு வந்து அவரை அழைத்துப்போனார். ஆய்வாளர் மேசையைச் சுற்றிப் பார்த்தார்.

“மேடம், இந்த ஹார்ட் டிஸ்க் எல்லாம் சாட்சியம். சீல் வைக்கணும்.”

“பழைய பதிவுகளும் அதுலதான் சார் இருக்கு. எல்லாமுமா?”

“எல்லாமும்.”

“ஒரு தடவை கேட்டுட்டுத் தரட்டுமா?”

அவர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் அந்த முப்பது வினாடியையே போட்டாள். மூச்சு, அழுகை, மூச்சு. முடிந்தது. அதற்குப் பிறகு வழக்கமான அந்தக் கேள்வி வரவில்லை. இருந்தும் கொஞ்ச நேரம் ஹெட்போனைக் கழற்றாமல் காத்திருந்தாள். பிறகு, “இன்னும் இல்ல,” என்று திரையிடம் சொல்லிவிட்டுக் கம்பிகளைப் பிடுங்கிக் கொடுத்தாள்.

படத்தின் முன்பிரதி ஒரு விழாக் குழுவுக்கு ஏற்கெனவே போயிருந்தது. அங்கே யாரும் செய்தித்தாள் படிப்பதில்லை போலும். சிறந்த ஒலிப்பதிவுக்கான கேடயத்தைக் காதின் விலாசத்துக்குக் கூரியரில் அனுப்பினார்கள். வீடு பூட்டியிருந்ததால் திரும்பிப் போனது.