கடலுக்குப் போன சாப்பாடு

பட்டாணியின் சாப்பாட்டு டப்பா சில நாட்களாகத் துடைத்து வைத்தது போலக் காலியாக வந்துகொண்டிருந்தது. பையன் ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறான் என்று அம்மாவுக்கு ஒரே பெருமை. அவன் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை என்பது யாருக்கும் தெரியாது.

பட்டாணி என்பது அவனுடைய நிஜப் பெயர் இல்லை. ஒன்றாம் வகுப்பிலேயே அவன்தான் குட்டையான ஆள். அவனுடைய அக்கா ஐந்தாம் வகுப்பு. அவள் விறுவிறுவென்று வளர்ந்துவிட்டதால் வீட்டில் அவளுக்கு நெட்டை என்று பெயர் விழுந்துவிட்டது. பட்டாணியும் நெட்டையும் சேர்ந்து நடந்து போனால் பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்களுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

பள்ளி விட்டதும் இருவரும் அம்மா வேலை பார்க்கும் இடத்துக்குப் போய்விடுவார்கள். அது படகுத்துறை ஓரமாக இருக்கும் சின்னக் கடல் ஆய்வுக்கூடம். அம்மா அங்கே ஒரு விசித்திரமான வலையைக் கடலில் இறக்குவார். கூம்பு மாதிரி நீளமான அந்த வலையின் கண்கள் சட்டைத் துணியைவிட நெருக்கமானவை. அதன் வால் முனையில் ஒரு பாட்டில் இருக்கும். வலையை மேலே இழுத்தால் பாட்டிலில் பிளாங்டன் சேர்ந்திருக்கும்.

பிளாங்டன் என்பது கடலில் மிதக்கும் மிக நுண்ணிய செடிகளும் உயிரினங்களும்தான். சின்ன மீன்களுக்கு அதுதான் சாப்பாடு. நல்ல வருடங்களில் பாட்டில் பச்சையாகக் கலங்கி வரும். இந்த வருடமோ குடிதண்ணீர் போலத் தெளிந்து வந்தது. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அம்மாவின் முகம் வாடிப்போகும்.

அன்று பாட்டிலைத் தூக்கிப் பார்த்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். பாட்டிலின் அடியில் வெள்ளையாக என்னவோ கிடந்தது. இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது சோறுடி," என்றார் நெட்டையிடம். "கடல்ல எப்படி சோறு வந்துச்சு?"

எவனோ படகில் இருந்தபடி எச்சில் தட்டைக் கழுவிக் கொட்டியிருக்கிறான் என்று அம்மாவுக்குக் கோபம் வந்தது. இந்த வாரப் பிளாங்டன் கணக்கு பாழ். வலையைக் கழுவிக் காயவைத்து மறுபடி இறக்க வேண்டும். படகுக்காரர்களை நாலு கேள்வி கேட்டுவிட்டு வருகிறேன் என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக் கிளம்பினார்.

நெட்டையின் கண்ணில் அப்போது இன்னொன்று பட்டது. பாட்டிலுக்குள் ஒரு கேரட் துண்டு. ஒரு பக்கம் தடியாகவும் ஒரு பக்கம் காகிதம் போலவும் இருந்தது. காலையில் தம்பிக்குச் சாப்பாடு கட்டுவது நெட்டையின் வேலை. கேரட்டை ஒரே அளவாக நறுக்க அவளுக்கு இன்னும் கை வரவில்லை. இப்படிக் கோணல்மாணலாக நறுக்க உலகத்தில் வேறு யாராலும் முடியாது.

"அம்மா, கொஞ்சம் பொறு," என்றாள். "படகுக்காரங்க இல்ல. யாருன்னு இப்பக் கேக்காத, நான் பாத்துக்கறேன்."

அம்மா அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு மடித்த கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

பட்டாணி வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். நெட்டை பக்கத்தில் உட்கார்ந்து தன் பையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள். கண் மூடித் திறப்பதற்குள் பொட்டலம் காலி. பசிக்கிறதா என்று கேட்டதற்கு, வாய் நிறைய பிஸ்கட்டோடு இல்லை என்று தலையாட்டினான். நெட்டை திட்டவில்லை. வெறுமனே காத்திருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவனே எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

அப்பா மீன்பிடிப் படகில் வேலை செய்பவர். மீன்களெல்லாம் எங்கேயோ போய்விட்டதால் படகும் அவற்றின் பின்னாலேயே தூரத்துத் துறைமுகத்துக்குப் போய்விட்டது. அப்பாவும் அங்கேயே தங்கிவிட்டார். ஒருநாள் அம்மா அவரிடம் போனில், கடல் பட்டினி கிடக்கிறது என்று சொன்னது பட்டாணியின் காதில் விழுந்தது. மீன் திரும்பியதும் நானும் வந்துவிடுகிறேன் என்று அப்பா சொன்னதும் விழுந்தது. அதனால் பட்டாணி ஒரு முடிவு செய்தான். தினமும் பள்ளி விட்டுப் படகுத்துறையோரம் அக்கா முன்னால் நடக்கும்போது, ஷூ கயிறு அவிழ்ந்துவிட்டது என்று பின்தங்கி, டப்பாவைக் கடலில் கவிழ்த்துவிடுவான்.

"கடலு சாப்பிட்டா மீன் வரும்ல. மீன் வந்தா அப்பா வருவாருல்ல."

நெட்டைக்குச் சிரிப்பு வரவில்லை. அவளும் அப்பாவுக்காகத்தானே தினமும் ஏங்கிக்கொண்டிருந்தாள்.

அவள் அவனை உள்ளே கூட்டிப்போய் ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்தாள். பாதிவரை குளிர்ந்த தண்ணீர் ஊற்றி நீல மையைக் கலக்கினாள். அதன்மேல் வெதுவெதுப்பான தண்ணீரைக் கரண்டி வழியாக மெல்ல மெல்ல ஊற்றினாள். நீலம் அடியிலேயே நின்றது. மேலே தெளிந்த தண்ணீர் மூடி போட்டது போல உட்கார்ந்துகொண்டது.

கடலுக்கு வேண்டிய சத்தெல்லாம் அடியில் இருக்கும் குளிர்ந்த தண்ணீரில்தான் இருக்கிறது என்று அவள் சொன்னாள். வழக்கமாகக் காற்று நன்றாக அடித்து மேல் தண்ணீரைத் தள்ளிவிடும், அடித் தண்ணீர் ஏறி வரும், பிளாங்டன் வளரும். சில வருடங்களில் காற்று சோம்பேறி ஆகிவிடுகிறது. கடலின் மேல்பக்கம் சூடாகிறது. சத்து கீழேயே மாட்டிக்கொள்கிறது.

பட்டாணி ஜாடியை உற்றுப் பார்த்தான். "நான் ஊதட்டுமா?"

கன்னம் உப்ப உப்ப ஊதினான். மேல் தண்ணீர் லேசாக நடுங்கியது. நீலம் அசையவே இல்லை. கடலுக்கு எப்போது காற்று வரும் என்று கேட்டான்.

பொய் சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம் என்று சொன்னால் அவன் சாப்பிட்டிருப்பான். ஆனால் அடுத்த வாரமும் வருமே.

"தெரியாதுடா. மாசக்கணக்கா ஆகலாம். அம்மாவுக்கே சரியாத் தெரியாது."

பட்டாணியின் உதடு பிதுங்கியது. அவன் சத்தம் வராமல் அழுதான். கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அம்மா ஓடிவந்து அவனைத் தூக்கிக்கொண்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

நெட்டைக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. அப்பா போன் செய்யும்போதெல்லாம் மீன் எப்போது திரும்பும் என்றுதான் பேசுகிறார்கள். நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்று எல்லோரும் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். வாங்க என்று ஒருவரும் சொன்னதே இல்லை.

அவள் அம்மாவின் போனை வாங்கி அப்பாவைக் கூப்பிட்டாள்.

"அப்பா, கடல் சரியாக இன்னும் ரொம்ப நாளாகுமாம். அதுவரைக்கும் எங்களால முடியாது. ஒரு நாளாவது வந்துட்டுப் போங்க."

ஒரு நாள் வந்துவிட்டு உடனே கிளம்பினால் பிள்ளைகள் இன்னும் அழுவார்களோ என்றுதான் அப்பா இத்தனை நாள் வராமல் இருந்தாராம். சொல்லும்போது அவர் குரல் உடைந்தது.

மறுநாள் பட்டாணி அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டான். கழுவிக் காயவைத்த வலையை அம்மா மறுபடி இறக்கியபோது அவன்தான் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். பாட்டில் தெளிவாகத்தான் வந்தது. அன்று மதியம் பள்ளியில் டப்பாவை நிஜமாகவே காலி செய்திருந்தான், கோணல் கேரட் உட்பட.

சனிக்கிழமை காலை யாரோ கதவைத் தட்டினார்கள். பட்டாணிதான் திறந்தான். வாசலில் தோள்பையோடு அப்பா நின்றார். பட்டாணி அவரை அண்ணாந்து பார்த்தான். பிறகு அவரைச் சுற்றிக்கொண்டு தெருமுனைக்கு ஓடிப்போய்க் கடலைப் பார்த்தான். காற்று இல்லை. கடல் நேற்று போலவே சும்மா கிடந்தது. அவன் மூச்சு வாங்கத் திரும்பி வந்து அப்பாவின் கையைப் பிடித்தான்.

"கடலு இன்னும் சரியாகவே இல்லியே. நீங்க எப்படி வந்தீங்க?"

அப்பா அவனை அள்ளித் தூக்கி இறுக்கி அணைத்துக்கொண்டார்.

"பஸ்லதான்டா," என்றார்.