உள்ளே ஆள்: உண்டு

“நம்ம பழைய கோட்டுக் கடையோட வலைப்பக்கத்துல, ஒவ்வொரு கோட்டுக்கும் நீ எந்தக் குணத்தை வேணா எழுதுக்கா. நிறம், அளவு, பொத்தான்... எழுதினது தானா தேடல் பக்கத்து ஓரத்துல வந்து நிக்கும். அப்படி எத்தனை கோட்டு இருக்குன்னும் காட்டும்.”

“கொழுப்புன்னு எழுதினா?”

“உன்னைத்தான் காட்டும், வேற யாரை!” தங்கை சிரித்தாள். “ஆனா எதையும் கேட்டாத்தான் கிடைக்கும். வாயை மூடிக்கிட்டே இருந்தா, நானா ஓடிவந்து கட்டிப்பிடிச்சுக்குவேன்னு நினைச்சியா? கேளு, வரேன்.”

அக்கா கேட்கவில்லை. அம்மா போனபின் தங்கையை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். தாங்கியே பழகியவளுக்கு, தன்னைத் தாங்கச் சொல்ல நா எழவில்லை. அந்த மழைக்காலத்திலேயே தங்கையை ஆறு கொண்டுபோய்விட்டது. உடல் கிடைத்தது. அவள் போட்டிருந்த பச்சை மழைக்கோட்டு கிடைக்கவில்லை.

வருடங்கள் கழித்து, இன்று மதியம், பழைய கோட்டுகள் தோளோடு தோள் உரசித் தொங்கும் கிடங்கில், கம்பளி நெடிக்கும் தகரக்கூரையில் விடாமல் பெய்யும் மழைக்கும் நடுவே, அக்கா கைப்பேசியில் கடையின் தேடல் பக்கத்தைத் திறந்தாள். ஓரத்தில் அவள் எழுதாத ஒன்று நின்றது.

ஈரம்: உண்டு (1).

கூரை ஒழுகி எதுவோ நனைந்திருக்கும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு அதைத் தொட்டாள். நூற்றுக்கணக்கான கோட்டுகள் திரையிலிருந்து மறைந்தன. மிஞ்சிய ஒன்றுக்குப் படம் இல்லை. குணங்கள் மட்டும், ஒன்றன்கீழ் ஒன்றாக ஊறி வந்தன.

நிறம்: பச்சை (1).
இடம்: கடைசி வரிசை (1).
உள்ளே ஆள்: உண்டு (1).

கிடங்கின் கோடியில், மழையின் தாளத்தில் சேராமல், சொட்டு ஒன்று விழுந்தது. பிறகு இன்னொன்று.

ஓடியிருக்கலாம். கதவு பக்கத்தில்தான் இருந்தது. கால்கள் மற்றப் பக்கம் நடந்தன.

ஆற்றுச் சேற்றின் வாடை. கடைசிக் கொக்கி. பச்சை மழைக்கோட்டு.

தொங்கவில்லை. நின்றது.

தலைமூடிக்குள் இருட்டு. கைகளின் நுனியில் தண்ணீர். அந்தக் கைகள் மெல்ல உயர்ந்தன. விரிந்தன. அப்படியே காத்திருந்தன.

கைப்பேசி ஒளிர்ந்தது. எண் மாறியிருந்தது.

உள்ளே ஆள்: உண்டு (2).

புரிந்தது. அது கோட்டுகளின் கணக்கு அல்ல; உள்ளே போகப்போகும் இரண்டாவது ஆள் அவள்தான். கதவைத் திரும்பிப் பார்த்தாள், ஒரே ஒருமுறை. பிறகு கைப்பேசியைக் கீழே வைத்தாள். இத்தனை வருடம் தொண்டையில் கிடந்தது, குழந்தையின் குரலாய் வெளியே வந்தது.

“என்னைக் கொஞ்சம் கட்டிப்பிடிச்சுக்கடி.”