குன்றிமணிக்கு விட்ட வழி

வாளையாரில் பஸ்ஸை விட்டு இறங்கி, சோளக்காட்டு வழியாக என் அக்கா கமலாத்தாள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எழுபத்திரண்டாம் வருஷத்து மாசி மாதம். மழை பெய்து வெகுநாளாகியிருந்தது. ஆனாலும் வாசலில் ஈரச்சேற்று வாடை அடித்தது.

மாமா மாரப்பன் தரையில் கொட்டைகளைப் பரப்பி உட்கார்ந்திருந்தார். அந்தக் காலத்துப் போர் என்றால் மனிதருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். யானை எங்கே நிற்கும், குதிரை எந்தப் பக்கம் வளைக்கும் என்று சொல்லிச் சொல்லி மகன் பெரியமுத்துவையும் அதே பைத்தியமாக வளர்த்தார். பையன் பட்டாளத்துக்கே போய்விட்டான். போன கார்த்திகைச் சண்டையில் எதிரிகள் சுற்றி வளைத்ததில் அவனும் அவன் ஆட்களும் திரும்பவில்லை. உடம்புகூட வரவில்லை.

அந்தச் சண்டையைத்தான் தரையில் பரப்பியிருந்தார். எதிரிக்குப் பருத்திக்கொட்டை வளையம். உள்ளே புளியங்கொட்டைகள், அவன் ஆட்கள். நடுவில் ஒரே ஒரு குன்றிமணி, பெரியமுத்து.

"ஒரு பக்கம் தொறந்து உட்டிருக்கறன் மாப்ள. அவன் வந்தரலாம்."

செத்த பிள்ளையை வைத்து இதென்ன விளையாட்டு என்று எனக்குக் கோபம் வந்தது. அக்கா விளக்கேற்றினாள்.

வெளியே பூட்ஸ் சத்தம்.

ஒற்றை ஆள்.

படிவரை வந்து நின்றது. யாரும் தெரியவில்லை. அக்கா பதறவில்லை. சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்ப் படியில் வைத்தாள். தண்ணீர் மெல்லக் குறைந்தது. தரையில் ஒரு புளியங்கொட்டை தானாக உருண்டு, திறந்த வழியாக வளையத்துக்கு வெளியே போனது.

"பெரியமுத்துங்களாக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல தம்பி. அவன் நடை எனக்குத் தெரியாதா? தெனமும் ஒருத்தன் வாரான். ஆரு பெத்த புள்ளையோ."

"பெரியமுத்து ஏன் வரலீங்க மாமா?"

மாமா குன்றிமணியைப் பார்த்தபடியே சொன்னார். "கூட்டத்துக்குப் பெரியவன் கடைசியாத்தான் வெளிய வரோணும். நாந்தான் சொல்லிக் குடுத்தன்."

தரையில் குனிந்து குன்றிமணியிடம் கெஞ்சினார். "அப்பன் தப்பாச் சொல்லிப்போட்டன் சாமி. நீ மொதல்ல வந்துரு."

கல் மாதிரி இருந்த மனிதர் தேம்பித் தேம்பி அழுதார். என்னாலும் தாங்க முடியவில்லை.

குன்றிமணி அசைந்தது.

திறந்த வழிவரை வந்தது.

நின்றது.

பிறகு மெல்ல நடுவுக்கே திரும்பிப் போனது. அதன் பக்கத்தில் கிடந்த இன்னொரு புளியங்கொட்டை வெளியே உருண்டது.

படியில் மறுபடியும் பூட்ஸ் சத்தம். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சொம்பை நிரப்ப எழுந்தாள்.