மேனேஜர் மடியில், பழி மிஷின்மேல்

"அந்தத் தையல் மிஷின் இன்னைக்கு வெளிய போகணும்... இல்ல, நான் போறேன்! பழைய சாமான் வாங்குறவன வரச் சொல்லிட்டேன்!"

தையல்காரியின் நாத்தனார் போட்ட சத்தத்தில், பொங்கி வந்த பாலே பயந்து அடங்கியது. நாத்தனாரின் மடியில் அவளது பூனை 'மேனேஜர்'. ஒரு துரும்பையும் நகர்த்தாமல் வீட்டையே மேற்பார்வை பார்ப்பதால் அந்தப் பெயர்.

தையல்காரியின் மகள் சிட்டுவுக்கு இளைப்பு வந்ததிலிருந்து நாத்தனாரின் உத்தரவுப்படி திரைச்சீலை போனது, கம்பளம் போனது, தையல்காரி ஆசையாய் வளர்த்த பூச்செடிகள் போயின. இனி கழற்றச் சுவர்கள்தான் பாக்கி. இளைப்பு மட்டும் போகவில்லை!

"நூல் தூசிதான் புள்ள நெஞ்சை அடைக்குது! நீயெல்லாம் பெத்த தாயா?"

"ரத்த டெஸ்ட் ரிசல்ட் வரட்டுமே அண்ணி..." தையல்காரி கெஞ்சினாள்.

கணவன் பேப்பருக்குள் தலையை நுழைத்துக்கொண்டான். இன்னும் கொஞ்சம் நுழைத்திருந்தால் பின்பக்க விளையாட்டுச் செய்தியில் எட்டிப் பார்த்திருப்பான்.

உள்ளே சிட்டுவுக்கு மூச்சு இழுத்தது. ஓடிப்போய் இன்ஹேலர் கொடுத்துவிட்டு வந்த தையல்காரி உடைந்துபோனாள்.

"எடுத்துட்டுப் போகட்டும்... எம் புள்ளைய விட மிஷினா பெருசு!"

அப்போது போன் அடித்தது. டாக்டரம்மா. தையல்காரி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அலர்ஜி ஆன்டிபாடி ரத்தத்துல எக்கச்சக்கமா இருக்கும்மா. எதுக்குன்னு தனித்தனியா பாத்துட்டோம். நூலு, பஞ்சு, தூசி, பூ... எதுக்கும் இல்ல. பூனைக்குத்தான் எகிறி நிக்குது. வீட்டுல பூனை இருக்கா?"

மேனேஜர் சாவகாசமாகக் கொட்டாவி விட்டது.

நாத்தனார் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது ஒரு கையில் பெட்டி, மறு கையில் கூடை. கூடைக்குள் மேனேஜர்.

"நானே புள்ளைக்கு எமனா இருந்திருக்கேன்... உன்னையும் வதைச்சிட்டேன். எனக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான். நாங்க ரெண்டு பேரும் போறோம்!"

தையல்காரிக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது.

"ஐயோ அண்ணி! போக வேண்டியது பூனை! மாடி வீட்டு டீச்சர் வளக்கக் கேட்டுட்டே இருக்காங்க. தினம் போய்ப் பாருங்க, வந்ததும் குளிச்சுத் துணிய மாத்துங்க. ரிசல்ட்ல உங்க பேரு எங்க இருக்கு?"

"பூனையோட எம் பேரையும் சேத்து டெஸ்ட் பண்ணியிருந்தா...?"

"பண்ணியிருந்தா எகிறியிருக்கும்... என் ரத்தத்துல!"

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வெடிக்க, நாத்தனார் அவளைக் கட்டிக்கொண்டாள்.

வாசலில் குரல் கேட்டது. "அம்மா, மிஷின் விக்கிறதா சொன்னீங்களே?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு நாத்தனார் சீறினாள்: "மிஷினா? எவய்யா சொன்னது? வீட்டுல பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வர மாட்ட?"