தெருவைப் பார்த்த வெருளிகள்

எண்பத்தாறாம் ஆண்டு தை மாதம். ஓமந்தைக்கு வடக்கே, கண்டி வீதியோரத்துக் கிராமம் ஒன்றில் பத்மாசனி ரீச்சர் பஸ்ஸால் இறங்கினார். கையில் ஒரு உரப்பை, அதற்குள் பெயின்ற் பேணிகள். பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பிக்க வந்தவர் என்றுதான் ஊர் நினைத்தது.

மூன்று மாதத்துக்கு முன் ஊரைச் சுற்றிவளைத்த ஆமி ஐந்து இளைஞர்களை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. முகாமில் போய்க் கேட்ட தாய்மாருக்கு, அப்படி ஒருவரையும் பிடிக்கவேயில்லை என்று பதில் வந்தது. இதைக் கேட்ட ரீச்சருக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவருடைய குரல் தாழ்ந்துவிடும்.

“ஊர்வலம் போனால் சுடுவாங்கள். வெருளியைப் பிடிச்சுக்கொண்டு போகேலாது தானே?” என்றார்.

வயல் காவலுக்கு நிற்கும் பொம்மைதான் வெருளி; அதற்குக் குருவிகூடப் பயப்படுவதில்லை. ஆனாலும் நெல் முற்றினால் வைக்காமல் விடமாட்டார்கள். தலைக்குக் கரிப்பிடித்த பழைய பானை. சுண்ணாம்பால் கண்ணும் பல்லும் போட்டால் வேலை முடிந்தது. ரீச்சர் தாய்மார் காட்டிய படங்களைப் பார்த்து, அந்தப் பானைகளில் பிடிபட்ட ஐந்து பிள்ளைகளின் முகங்களையும் பெயின்றால் கீறினார். தாய்மார் அவரவர் பிள்ளையின் சட்டையைப் போட்டுவிட்டார்கள். நெல்லுக்கு முதுகைக் காட்டி, ஐந்தும் தெருவைப் பார்த்து நின்றன. அந்த இடம் வந்ததும் ஆமி வாகனங்கள் வேகம் பிடித்தன.

வடிவம்மாவுக்குத் தெருவோரத்தில் வயல் இல்லை. அதனால் அவளுடைய மகன் கனகலிங்கத்தின் வெருளி நல்லதம்பியின் வயலில் நின்றது. அவள் வந்து கேட்டபோது அவரால் மறுக்க முடியவில்லை.

மறுக்க அவருக்கு என்ன தகுதி இருக்கிறது?

சுற்றிவளைப்பு நாளில் ஜீப்புக்குள் சாக்கால் முகத்தை மூடி, இரண்டு ஓட்டை வழியாக ஊரைப் பார்த்துத் தலையாட்டிக் காட்டிக்கொடுத்தவர் அவர்தான். அதற்கு முன் ஆமி அவரைப் பிடித்து வைத்து அடித்தது. ஒருத்தரையும் காட்டாவிட்டால் நீதான் என்றார்கள். ஆட்டினார். கனகலிங்கத்தைக் காட்ட ஒரு காரணமும் இருக்கவில்லை. வரிசையில் வந்தான், அவ்வளவுதான். காயங்களைக் கேட்டவர்களுக்கு, வவுனியாவில் சைக்கிளால் விழுந்ததாகச் சொல்லிவைத்தார். அந்தச் சாக்கின் புண்ணாக்கு மணம் மட்டும் மூக்கை விட்டுப் போகவேயில்லை.

ஒரு காலை, கனகலிங்கம் வயலுக்குப் பின்னால் இருந்த அவருடைய வீட்டைப் பார்த்து நின்றான்.

காற்று திருப்பியிருக்கும் என்று நினைத்து, போய்த் தெருப் பக்கம் திருப்பிக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். மத்தியானம் பார்த்தபோது கயிறு அப்படியே இருந்தது. முகம் வீட்டுப் பக்கம் இருந்தது.

வயலுக்குள் இறங்கினார். வெயில் கொளுத்தியது. ஒரு கதிர்கூட அசையவில்லை. எங்கிருந்தோ புண்ணாக்கு மணம் வந்தது.

பானை மெல்லக் குனிந்தது.

நிமிர்ந்தது.

அவரைப் பார்த்துத்தான்.

கையிலிருந்த மண்வெட்டியால் அடித்தார். பானை சிதறியது. சட்டை மட்டும் தடியில் தொங்கியது. மகனைப் பார்க்க வந்த வடிவம்மா வரம்பில் ஓடி வந்தாள்.

“ஐயோ! ஆரண்ணை உடைச்சது? ஆமியோ?”

ஓம், ஆமிதான் என்று சொல்ல வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. தலையையாவது ஆட்டிவிட நினைத்தார். கழுத்து மரம்போல் நின்றது.

“அப்ப... நீங்களோ?”

பிடரியில் யாரோ கைவைத்து அமத்தியதுபோல் இருந்தது. அவருடைய தலை வலப்பக்கம் சற்றுச் சரிந்து, குனிந்து நிமிர்ந்தது.

வடிவம்மா பானை ஓடுகளைப் பொறுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். ஊரைச் சுற்றிவளைத்த அன்றைக்கு அவள் ஜீப்புக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். வலப்பக்கம் சற்றுச் சரிந்து, பிறகு குனிந்த அந்தச் சாக்குத் தலையை அவளால் மறக்க முடியுமா?

“அண்டைக்கும்... நீங்கள்தானோ?” என்று கிசுகிசுத்தாள்.

இரண்டு கையாலும் தலையை இறுக்கிப் பிடித்தார் நல்லதம்பி.

கைகளோடு சேர்ந்து தலை ஆடியது.

அவள் அழவில்லை. ஓடுகளைச் சேலைத் தலைப்பில் கட்டிக்கொண்டு, மகனின் சட்டையையும் கழற்றி எடுத்துப் போனாள். “என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை” என்று அவர் சொன்னது அவளுக்குக் கேட்டதோ தெரியாது.

மறுநாள் விடிய ஊரே வயலில் கூடியது. வெறும் தடியில் புதுப் பானை ஒன்று இருந்தது. அதில் கீறியிருந்தது சாக்கு மூடிய தலை. இரண்டு ஓட்டை. ஓட்டைகளுக்குள் நல்லதம்பியின் கண்கள்.

“நான் கீறேல்லை,” என்றார் ரீச்சர், தாழ்ந்த குரலில். “என்ர பெயின்ற் எல்லாம் முடிஞ்சு போச்சு.”

மற்ற நாலும் தெருவைப் பார்த்து நின்றன. இது வீட்டைப் பார்த்து நின்றது. திறந்த யன்னலுக்குள் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்த நல்லதம்பியின் தலை இன்னும் ஓயவில்லை. ஒருவரும் பானையைத் தொடவில்லை, காற்றும் இல்லை. வீட்டுக்குள் அந்தத் தலை குனிந்தபோதெல்லாம், வயலில் இதுவும் குனிந்தது.