ஆஜராகாத மனுதாரர்

செவ்வாய் கிரகக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் காலையில் பல் தேய்த்ததும் எல்லோரும் லிஃப்ட் வாசலுக்கு வந்து மூச்சுமானியில் ஊதுவார்கள். பச்சை எரிந்தால் மேல்தளத்துக்குப் போகலாம். சிவப்பு எரிந்தால் கதவு திறக்காது. மூச்சிலிருக்கும் சுரங்கத் தூசி மேலே வரக் கூடாதாம். கீழே பிறந்த யாருக்கும் இதுவரை பச்சை எரிந்ததில்லை. ஆனாலும் ஊதுவார்கள்.

பொற்கொடி மறுபடி ஊதினாள். சிவப்பு. அவள் தோளில் கிடந்த மகள் நிலானிக்கு ஒவ்வொரு மூச்சும் நெஞ்சில் விசிலடித்தது. நுரையீரல் கழுவும் மருத்துவமனை மேல்தளத்தில் இருந்தது. பிறந்த தளத்தைப் பார்த்துச் சிகிச்சையை மறுக்கலாமா என்று அவள் தொடுத்த உரிமை வழக்குக்கு, கூட்டாட்சி நீதிமன்றத்தில் இன்று விசாரணை. நீதிமன்றமும் மேல்தளத்தில்தான்.

"மெதுவா ஊதுடி," என்றான் கணவன் ஸ்டீபன்.

"நீ ஊதிக் கிழிச்சதத்தான் பார்த்தேனே!" என்றவள் வாசல் எந்திரத்திடம் திரும்பினாள். "ஐயா, என்னைக் கூப்பிட்டதே கோர்ட்டுதான்."

"சம்மன் சரியாக இருக்கிறது அம்மா. மூச்சுதான் சரியில்லை."

"அப்ப திரையிலயாவது பேச விடுங்க."

"மனுதாரர் நேரில் வர வேண்டும் என்பது விதி."

சுவர் ஒலிபெருக்கி நீதிமன்ற வழக்கப்படி அவள் பெயரை மூன்று முறை கூப்பிட்டது.

"இங்கதான்யா நிக்கிறேன்!" என்று கத்தினாள். கீழிருந்து மேலே குரல் போக வழியில்லை.

நீதிபதியும் ஓர் எந்திரமே. மனிதர் என்றால் மேல்தளத்தார் பக்கம் சாய்வார் என்று கீழ்த்தளத்தார்தான் போராடி அதைக் கேட்டு வாங்கினார்கள். பூமியின் பழைய தீர்ப்புகளையெல்லாம் படித்துத் தேர்ந்த அது, யார் பக்கமும் சாயாது.

"மனுதாரர் ஆஜராகவில்லை. வழக்கு தள்ளுபடி."

சற்று நேரத்தில் லிஃப்ட் கதவு திறந்தது. தீர்ப்பின் நகலோடு ஒரு சிறிய எந்திரம் இறங்கியது. ஸ்டீபன் உள்ளே பாய்ந்தான். லிஃப்ட் அசையவில்லை.

"நீங்கள் இறங்கினால்தான் இது நகரும் ஐயா. மேல்முறையீடு செய்யலாம், நேரில்," என்றது சிறிய எந்திரம்.

"எங்கய்யா?"

"இந்த நீதிமன்றத்துக்கும் மேலே உள்ள தளத்தில்."

நிலானி அடுத்த மூச்சுக்குத் தவித்தாள். அவள் முதுகைத் தடவிக்கொண்டே பொற்கொடி நகலின் கடைசிப் பத்தியைப் படித்தாள். பூமியில் நடந்த பழைய வழக்கொன்றை நீதிபதி முன்னுதாரணமாகக் காட்டியிருந்தது. அரசுக் கட்டடங்களில் சாய்தளம் வேண்டும் என்று சக்கர நாற்காலியில் வாழ்ந்த ஒருவர் தொடுத்தது. நீதிமன்றம் இரண்டாவது மாடியில் இருந்தது, படிக்கட்டு மட்டுமே. அவர் ஆஜராகவில்லை என்று அந்த வழக்கும் தள்ளுபடி.

அந்தத் தீர்ப்பை எழுதியவர் மனிதர்.