ஒற்றைக் கைத் தடம்

காலை 11.10. தண்ணீர் சுத்திகரிக்கும் அறையைத் திறந்த நர்ஸ் மோகினி போட்ட அலறலில், டயாலிசிஸ் நிலையத்தின் பெரிய அறையில் படுத்திருந்த அத்தனை பேரும் தலையைத் தூக்கினார்கள். குழாய்களுக்கு நடுவே தலைமை டெக்னீஷியன் ஜோகாராவ் மல்லாந்து கிடந்தான். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் கிடந்த ஸ்பானரில் மயிர் ஒட்டியிருந்தது.

11.50. எஸ்.ஐ. சத்யவேணி பிணத்தின் அருகே மண்டியிட்டாள். போலீஸ் தேர்வு எழுதும் முன் டயாலிசிஸ் டெக்னீஷியன் படிப்பு முடித்து, சிறுநீரக நோய் மலிந்த உத்தானம் வட்டாரத்தில் இதே போன்ற ஒரு நிலையத்தில் வேலை பார்த்தவள் அவள். மண்டை உடைந்தது அவளுக்குப் புதிராக இல்லை. புதிர் கழுத்தில் இருந்தது. இடப்பக்கம் நான்கு விரல் தடம், வலப்பக்கம் பெருவிரல் தடம். அவ்வளவுதான். நெஞ்சில் முழங்காலை ஊன்றி, வலது கை ஒன்றால் மட்டும் நெரித்திருக்கிறார்கள். துடிக்கிறவனை அமுக்க எவனுக்கும் இரண்டு கையும் தானாக வந்துவிடுமே! இன்னொரு கை எங்கே போயிற்று?

"இதுல என்ன யோசனை? விடைதான் துடைப்பத்தோட நிக்குதே" என்றார் இன்ஸ்பெக்டர் அப்பலசாமி.

துப்புரவுப் பணியாளன் சிம்மாத்ரி சுவரோடு ஒட்டி நின்றான். முந்திரி ஆலை இயந்திரம் அவன் இடது கையை முழங்கையோடு தின்றிருந்தது. காலையில் ஜோகாராவ் அவன் வாளியை உதைத்து, "அரைக்கைப் பயலே" என்று திட்டியதை எல்லோரும் கேட்டிருந்தார்கள். சட்டையிலும் இரத்தம்.

"தூக்கிப் பாத்தேன் சார், உசுரு இருக்கான்னு..."

இன்ஸ்பெக்டர் விட்ட அறையில் அவன் உதடு கிழிந்தது.

வெளியே ஜோகாராவின் சொந்தக்காரர்கள் கம்புகளோடு கேட்டை ஆட்டினார்கள். "அந்த நொண்டிக் கையனை வெளிய தள்ளுங்க! மிச்சக் கையையும் முறிச்சுட்டு அப்புறம் கோர்ட்டுக்கு அனுப்பறோம்!"

"இருக்கற கைல விலங்கை மாட்டி ஜீப்ல ஏத்துங்கடா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கொஞ்சம் பொறுங்க சார். கேட்டைத் தாண்டறதுக்குள்ள இவனைக் கொன்னுடுவாங்க."

அவள் தரையைப் பார்த்தாள். அறையிலிருந்து பின்பக்கக் குழாய் வரை சிறு சிறு இரத்தச் சொட்டுகள்.

"கொன்னவன் கைல ஒட்டினது. கழுவப் போயிருக்கான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அடுத்தவன் ரத்தம்னா போகப் போகக் குறையணும் சார். இது குறையலை. குழாயைத் தாண்டியும் போகுது பாருங்க. கொன்னவனோட சொந்த ரத்தம் இது. சிம்மாத்ரி உடம்புல நீங்க கிழிச்ச உதட்டைத் தவிர வேற காயமில்ல. அந்த உதட்டு ரத்தமும் அதுக்குள்ள உறைஞ்சுபோச்சு."

சொட்டுகள் முன்வாசல் பெஞ்சில் முடிந்தன. அங்கே கோர்லய்யா உட்கார்ந்திருந்தான். தென்னை ஏறும் தொழில். சிறுநீரகம் போயும் தோள் வற்றாத உடம்பு.

"டயாலிசிஸ் முடிஞ்சுதாப்பா?"

"பத்தரைக்கே முடிஞ்சுது மேடம். கூட்டத்தைப் பாத்து ஆட்டோக்காரன் ஓடிட்டான் போல. என்னையும் ஜீப்ல ஏத்திக்கோங்க, வீட்ல விட்டுடுங்க" என்று சிரித்தான்.

பஞ்சும் பிளாஸ்திரியும் இல்லாத கை அந்த இடத்தில் கிடையாது. அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை. கோர்லய்யாவின் இடது கையில் இரண்டு பஞ்சு. வலது மணிக்கட்டிலும் ஒன்று.

"வலது கைல எதுக்கு?"

"ஊசி போட்டாங்க."

"யாரு?"

"ஜோகாராவ்தான்."

"மோகினி, இவருக்கு ஊசி எந்தக் கைல?"

"ரெண்டு ஊசியும் இடது கைலதான் மேடம். மருந்தெல்லாம் குழாய் வழியாத்தான். வலது கையை நாங்க தொடறதே இல்ல."

சத்யவேணி பஞ்சைப் பிரித்தாள். மூன்று நகக் கீறல்கள். இன்னும் கசிந்துகொண்டிருந்தன.

கோர்லய்யாவின் சிரிப்பு நின்றது.

"ரத்தத்தை வடிகட்டற ஃபில்டரை, அவங்கவங்களுதைக் கழுவி அவங்கவங்களுக்கே மாட்டணும். அவன் அவசரத்துல இன்னொருத்தனுதை எனக்கு மாட்டினான். மஞ்சக் காமாலைக் கிருமி ஒட்டிக்கிச்சு. தனி அறைல போட்டுட்டாங்க. பொண்டாட்டி தட்டைக்கூடத் தொட மாட்டேங்கறா. இன்னைக்கு நியாயம் கேட்டேன். 'சாகப்போறவனுக்கு எந்த ஃபில்டரா இருந்தா என்னடா'ன்னு முதுகைத் திருப்பினான். ஸ்பானர் கைக்கு எட்டுச்சு. விழுந்தும் கத்தப் பாத்தான்..."

இன்ஸ்பெக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இவனுக்கு ரெண்டு கையும் நல்லாத்தானேம்மா இருக்கு?"

"இருக்கு சார். ஆனா இடது கைல தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைச்சிருக்காங்க. ஃபிஸ்துலாம்பாங்க. ரத்தம் அது வழியாத்தான் இயந்திரத்துக்குப் போய் வரும். தொட்டா பூனை மாதிரி உறுமும். அழுத்தினா அடைச்சுடும், அடைச்சா டயாலிசிஸ் இல்ல. தைச்ச அன்னையிலிருந்து ஒரு குடம்கூட அந்தக் கையால தூக்கக் கூடாதுன்னு நாங்கதான் தினம் சொல்லிப் பழக்கறோம். கொலை பண்றப்பவும் அந்தப் பழக்கம் விடலை. இடது கையை முதுகுக்குப் பின்னால ஒளிச்சுட்டு வலது கையால நெரிச்சிருக்கான். அப்ப ஜோகாராவ் கீறினது. சாதாரணக் கீறல்னா உடனே நின்னிருக்கும். ஆனா டயாலிசிஸ்ல ரத்தம் உறையாம இருக்க ஹெப்பரின் தர்றோம். அது உடம்புல இருக்கற வரைக்கும் சொட்டிக்கிட்டே இருக்கும். பெரிய அறைல மட்டும் கரண்ட் போனதால அங்க எல்லாருக்கும் இன்னைக்குத் தாமதம், அவங்க இன்னும் ஊசியோட கட்டில்லயே கிடக்கறாங்க. இயந்திரத்தை விட்டு எழுந்தவன் தனி அறைக்காரன் ஒருத்தன்தான். சிம்மாத்ரியோட விலங்கைக் கழட்டுங்க சார். இவனுக்குப் போடறப்ப வலது கைல மட்டும் போடுங்க."